வெல்ல மண்டிக்காரர் பால்கனி

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்றவர்கள் அப்படிப் போவது அங்கே வேலை பார்ப்பவர்களுக்குத் தொந்தரவு என்று தெரியும். ஆனால் நான் வீட்டிலேயே இருப்பது என் கணவருக்குத் தொந்தரவு. அங்கே இப்போது வேலை பார்க்கும் பெண் இஞ்சினியர் செல்போனில் ஒரு வீடியோ காட்டினாள். கான்கிரீட் தளத்தில் ஒரு இயந்திரம் வட்டமாக, வழவழப்பாக, முறுக்குக் குழல் மாதிரி ஓட்டை போட்டுக்கொண்டிருந்தது. உங்கள் காலத்தில் எப்படி ஓட்டை போட்டீர்கள் என்று கேட்டாள். நாங்கள் எங்கே போட்டோம், எங்களுக்குத் தெரியாமல் மற்றவர்கள்தான் போட்டார்கள் என்றேன். அதை எழுதித் தாருங்கள் என்றாள். வேறு வேலையும் இல்லை.

எழுபதுகளின் கடைசியில் சிவில் டிப்ளமோ முடித்து, சேலத்தில் ஒரு கட்டட ஆலோசனை அலுவலகத்தில் படம் வரையும் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு முன்னால் அந்த அலுவலகத்தில் இருந்த ஒரே பெண், காலண்டரில் இருந்த லட்சுமி. முதல் சில வருடங்கள் மற்றவர்கள் போட்ட கோட்டின் மேல் கோடு போட்டேன். பிறகு கணக்குப் போட விட்டார்கள். அதற்குப் பிறகு சைட்டுக்கு அனுப்பினார்கள். இதில் விவரிக்க ஒன்றும் இல்லை.

விவரிக்க வேண்டியவர் எங்கள் முதலாளி தண்டபாணி சார். கெட்டிக்கார இஞ்சினியர். ஒரு தளத்தை நிமிர்ந்து பார்த்தே அதன் கனத்தைச் சொல்லிவிடுவார். ஆனால் 'முடியாது' என்ற சொல் அவர் வாயில் வராது. வருகிற வாடிக்கையாளர் எல்லாம் அவருக்குச் சொந்தம், அல்லது சொந்தத்துக்குச் சொந்தம். வீட்டு நடுவில் நிற்கிற தூணை எடுத்துவிடலாமா என்று யாராவது கேட்டால், "பண்ணலாமுங்க" என்பார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார், துடைப்பார், மாட்டுவார். பிறகு "ஆனா..." என்று ஆரம்பிப்பார். அவர் படித்த படிப்பு முழுக்க அந்த 'ஆனா'வுக்குப் பின்னால்தான் இருக்கும். கண்ணாடி துடைத்து முடிவதற்குள் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். அவர்களை வாசல்வரை துரத்திக்கொண்டு போய் மிச்சத்தைச் சொல்வது என் வேலை.

அவருக்கு இன்னொரு குறை, வயிறு. ஏற்காட்டு மலை அடிவாரம் தாண்டி மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே முகம் பச்சையாகிவிடும். எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார்ப்பார், நக்கிப் பார்ப்பார், கடைசியில் காரை நிறுத்தச் சொல்லிப் பாறையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அதனால் ஏற்காட்டு வேலை எல்லாம் என் தலையில் விழுந்தது. பிற்பாடு மலைக் கட்டடங்களில் எனக்கு அனுபவம் அதிகம் என்று பலரும் சொன்னார்கள். அந்தப் பெருமை என் மூளைக்குச் சேராது, என் வயிற்றுக்குத்தான் சேரும்.

ஓட்டை விஷயத்தில் மட்டும் சார் ரொம்பக் கறார். தளத்தில் எங்கெல்லாம் ஓட்டை போடக்கூடாதோ அங்கெல்லாம் வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால் கட்டம் கட்டுவார். அதைச் சைட்டுக்கு அனுப்ப அம்மோனியா பிரிண்ட் என்கிற நகல் எடுத்தால் சிவப்பும் ஊதா, கறுப்பும் ஊதா. ஒரு சைட்டில் மேஸ்திரி அந்தக் கட்டங்களுக்குள்ளேயே அளவு பார்த்து ஓட்டை போட்டு வைத்திருந்தார். கேட்டதற்கு, இடம் குறித்துக் கொடுத்தது நீங்கள்தானே என்றார்.

ஓட்டை ஒன்றும் பெரிய பாவமில்லை. கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுத்தால் விட்டுவிடும். இழுவையைத் தாங்குவது உள்ளே இருக்கிற கம்பி. இரண்டு கம்பிகளுக்கு நடுவில் ஒரு குழாய் போனால் தளத்துக்கு ஒன்றும் ஆகாது. ஓட்டை பெரிதாகிக் கம்பி அறுபடும் என்றால், அறுபடுகிற அளவுக்குக் கம்பியை ஓட்டையின் இரண்டு பக்கமும் சேர்த்துக் கட்ட வேண்டும். மூலைகளில் குறுக்காகவும் கம்பி வேண்டும், ஏனென்றால் விரிசல் மூலையில்தான் பிறக்கும். அதைவிடப் பெரிய ஓட்டை என்றால் சுற்றிலும் பீம். இவ்வளவுதான். அளவைவிட இடம் முக்கியம். ஓர் இடத்தில் ஆளே இறங்குகிற ஓட்டை போட்டாலும் கட்டடம் நிற்கும். இன்னோர் இடத்தில் கை நுழைகிற ஓட்டை போதும்.

ஆள் இறங்குகிற ஓட்டைக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு காப்பி எஸ்டேட்டில் பழம் உரிக்கிற மிஷின் கீழ்த்தளத்தில், பழம் கொட்டுகிற இடம் மேல்தளத்தில். நடுவில் தளத்தில் ஒரு பெரிய ஓட்டை. நான் போன அன்று கம்பி கட்டி முடித்து, ஓட்டைக்கான மரப்பெட்டியும் வைத்து, கான்கிரீட் போட ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏனுங்கம்மா, மிஷினு வந்து எறங்கிருச்சுங்க. ஓட்டைய விட மிஷினு வாய் பெருசா இருக்குதுங்க" என்றார். இன்றைக்குப் போட்டுவிடலாம், பிறகு கொத்திக்கொள்ளலாம் என்பது மேனேஜரின் யோசனை. நான் ஆட்களைத் திருப்பி அனுப்பினேன். மேனேஜர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பெட்டியை மாற்றி, சுற்றிலும் பீமுக்குக் கம்பி கட்டிய பிறகுதான் கான்கிரீட் போட்டோம். அந்தத் தளம் இன்றும் நிற்கிறது, மேனேஜர்தான் இல்லை.

கை நுழைகிற ஓட்டை, வெல்ல மண்டி மாரியப்பனுடையது.

மாரியப்பன் சேலத்தில் வெல்ல வியாபாரி. ஏற்காட்டில் ஏரிக்கு மேல்புறம் ஒரு ஓட்டல் கட்டினார். வரைபடம் எங்களுடையது. கீழே சமையலறையும் சாப்பாட்டு அறையும், மாடியில் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி வரிசையாக அறைகள், அத்தனை அறைக்கும் முன்னால் ஒரே நீளப் பால்கனி. கீழே தூண் இல்லாமல் சுவரிலிருந்து அப்படியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனி. குளியலறையும் கக்கூஸும் நடைபாதைக் கோடியில் பொதுவாக இருந்தன. எண்பதுகளின் நடுவில் மலைக்கு வருகிறவர்களுக்கு அது பிடிக்காமல் போனது. எல்லோரும் அட்டாச்டு பாத்ரூம் கேட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு மே மாதம் மாரியப்பன் அலுவலகத்துக்குப் போன் செய்தார். பால்கனியில் டைல்ஸ் விரிசல் விடுகிறது, வெள்ளை சிமெண்ட் பூசினால் மறுபடி விடுகிறது, சீசன் நேரம், ஒரு எட்டு வந்து பார்க்கச் சொல்லுங்கள் என்றார். சார் எலுமிச்சம்பழத்தை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். "வசந்தா, நீ போயிட்டு வா கண்ணு" என்றார்.

காலை பஸ்ஸில் போய் இறங்கினேன். சைட்டுக்குப் போகிற பெண்ணுக்கு முதல் கவலை கட்டடம் அல்ல. ஆண்களுக்கு மலை முழுக்க மரம் இருக்கிறது. நான் மாரியப்பனைப் பார்த்ததும் பாத்ரூம் எங்கே என்றுதான் கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இப்ப எந்த ரூமுக்கு வேணா போங்கம்மா, எல்லாத்துலயும் வெச்சாச்சு" என்று ஒரு சாவியைக் கொடுத்தார்.

உண்மையாகவே நல்ல பாத்ரூம். அறையின் பால்கனிப் பக்க மூலையைத் தடுத்துக் கட்டியிருந்தார்கள். பளபளவென்று டைல்ஸ், புதுப் பீங்கான். அவரை மனதார வாழ்த்திக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் எதிர்ச் சுவரைத் துளைத்து வெளியே போகிற குழாய் கண்ணில் பட்டது. வெளியே என்றால் பால்கனி. பால்கனிக்குப் போன குழாய் அங்கிருந்து எங்கே போகும்? என் தொழில் வாழ்க்கையின் முக்கியமான கண்டுபிடிப்பு அந்த ஆசனத்தில் நடந்தது.

வெளியே வந்து பார்த்தேன். பால்கனியில் சுவரை ஒட்டிச் செங்கல்லில் ஒரு நீளத் திண்டு கட்டிக் குழாயை மறைத்திருந்தார்கள். திண்டின் ஓரத்திலேயே, சுவருக்கு இணையாக, விரிசல் ஓடியது. வெளி விளிம்பில் மலர்க் கண்காட்சிக்காக ஆள் தூக்க முடியாத டேலியாத் தொட்டிகள். டியூபில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்தேன். மழைத்தண்ணீர் வடிய நாங்கள் கொடுத்த சரிவைவிடப் பால்கனி நன்றாகவே தலை குனிந்திருந்தது. நான் மெதுவாகப் பின்னால் நடந்து அறைக்குள் வந்து, கதவுநிலையைப் பிடித்துக்கொண்டேன்.

கீழே போய் அண்ணாந்து பார்த்தால், ஒவ்வொரு அறைக்கும் இரண்டு குழாய், ஒன்று கழிவுக்கு, ஒன்று குளிக்கிற தண்ணீருக்கு. எல்லாம் பால்கனித் தளத்தைத் துளைத்துச் சுவரை ஒட்டி வரிசையாக இறங்கியிருந்தன. தபால்தலைத் தாளில் கிழிக்க வசதியாகத் துளை போட்டிருப்பார்களே, அதேதான்.

கையை முன்னால் நீட்டி ஒரு பையைத் தொங்கவிட்டுப் பாருங்கள். வலி தோளின் மேல்புறத்தில் தெரியும். தூணில்லாத பால்கனியும் அப்படித்தான். இழுவை முழுவதும் சுவரை ஒட்டி, மேல்பக்கத்தில். அங்கேதான் முக்கியமான கம்பிகள் இருக்கும்.

பிளம்பர் பெருமாளைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் நல்ல உழைப்பாளி. "கம்பி நொம்ப நெருக்கமா இருந்துச்சுங்க. ஹாக்ஸா போட்டு அறுத்தேனுங்க. ஒண்ணு விடாம அறுத்தாச்சுங்க" என்றார். மாரியப்பன் பக்கத்தில் நின்று தலையாட்டினார். இப்படி வேலை செய்கிற ஆள் கிடைப்பதில்லை என்று எனக்குச் சொன்னார்.

உடனே பால்கனியைப் பூட்டச் சொன்னேன். அன்று பகல் ஒரு கல்யாணக் கோஷ்டி வருகிறது என்றார் அவர். ஈரோட்டுப் பக்கத்துச் சம்பந்திகள், எல்லா அறையும் அவர்களுக்கு. பொண்ணு மாப்பிள்ளையை நடுவில் நிறுத்தி இரண்டு வீட்டு ஜனங்களும் பால்கனியில் போட்டோ எடுப்பதற்காகவே இந்த ஓட்டலைப் பிடித்திருக்கிறார்கள்.

"ஏனுங்கம்மா, நீங்க டைல்ஸ் பாக்க வந்தீங்களா, ஓட்டலைப் பூட்ட வந்தீங்களா?"

கம்பி போனதைச் சொன்னேன். இத்தனை நாள் நிற்கிறதே என்றார். குழாய்களுக்கு நடுவில் மிச்சமிருக்கிற கம்பியில் நிற்கிறது, அதில் கூட்டம் ஏறினால் நிற்காது என்றேன். பெண்பிள்ளை பயப்படுகிறது என்று முடிவு செய்து, சாருக்குப் போன் போட்டு, ஜனங்களைப் பால்கனியில் நிறுத்தலாமா என்று கேட்டார். பக்கத்தில் நின்ற எனக்கே அந்தப் பக்கத்திலிருந்து "பண்ணலாமுங்க" என்பது கேட்டது. மாரியப்பன் ரிசீவரை வைத்துவிட்டார். சார் சேலத்தில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்திருப்பார்.

நான் திரும்பப் போன் போட்டேன். ஓட்டைகள் இருக்கிற இடத்தைச் சொன்னேன்.

"கம்பி அறுத்த முனையப் பாத்தியா கண்ணு?"

"அறுத்தவரே சொன்னாரு சார்."

"நான் வரேன். அதுவரைக்கும் மேல யாரும் நிக்கக் கூடாது."

அவர் தானாக மலை ஏறி வருகிறேன் என்று சொன்னதும், பால்கனிக்கு முட்டுக் கொடுக்கக் கட்டை தேடி வெளியே ஓடினேன்.

பக்கத்து எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரம் வெட்டிப் போட்டிருந்தார்கள். அந்தக் கட்டைகளையும், வாழவந்தி ஊர்ப் பக்கத்து ஆட்கள் சிலரையும் பிடித்தேன். மாரியப்பன் தடுக்கவில்லை. முட்டுக் கொடுத்தால் நான் வாயை மூடிக்கொள்வேன், போட்டோ நடந்துவிடும் என்று அவர் கணக்கு. முதலில் தொட்டிகளை இறக்கலாமே என்றார் ஓர் ஆள். தொட்டியை எடுக்க ஆள் மேலே போக வேண்டும், அதனால் முட்டுதான் முதலில் என்றேன். சரிவான மண்ணில் பலகை போட்டு, அதன்மேல் கட்டையை நிறுத்தி, பால்கனியின் வெளிவிளிம்புக்குக் கீழே இன்னொரு பலகை கொடுத்து, இடுக்கில் ஆப்பைக் கையால்தான் தள்ள வேண்டும். சம்மட்டியால் அடித்தால் தளம் மேலே எழும்பி வேறு இடத்தில் விரியும். அந்த ஆட்களை மட்டும் அடியில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நானும் போய் நின்றுகொண்டேன். அதனால் தளத்துக்கு ஒரு பலமும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

ஒரு கோடியில்தான் முட்டு நின்றிருந்தது, இரண்டு வேன்களும் வந்துவிட்டன.

பால்கனி இடிந்து விழும் என்று சொன்னால் நம் ஜனங்களில் நாலு பேர் போய் எங்கே என்று எட்டிப் பார்ப்பார்கள். அதனால் பெருமாளை அழைத்து, கீழே கழிவுக் குழாயில் அடைப்பு எடுப்பதற்கு ஒரு மூடி இருக்குமே, அதைக் கழற்றச் சொன்னேன். எல்லாக் குழாயிலுமா என்றார். எல்லாவற்றிலும் என்றேன். அங்கே அவர் செய்த வேலைகளில் அது ஒன்றுதான் பிரமாதம். கீழேயிருந்து கிளம்பிய வாடை பால்கனி முழுக்க ஏறி நின்றது. என்னோடு இருந்த ஆட்கள் துண்டை எடுத்து மூக்கில் கட்டிக்கொண்டார்கள். நான் மாடிக்குப் போய் ஒவ்வொரு அறையிலும், பால்கனியில் கக்கூஸ் குழாய் உடைந்து ஒழுகுகிறது, மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொல்லி முடிப்பதற்குள் அவர்களே கதவைச் சாத்தித் தாழ் போட்டார்கள். மாரியப்பன் என்னைப் பார்த்த பார்வையில், பால்கனி என் தலையில் விழுந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.

ஒருவரை மட்டும் நான் கணக்கில் எடுக்கவில்லை. போட்டோகிராபர். அவர் முட்டு இன்னும் வராத பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு, வெளிச்சம் பார்க்க நேராக விளிம்புக்கு வந்து நின்றார். உள்ளே திரும்பிப் பொண்ணு மாப்பிள்ளையை வரச் சொன்னார். நான் கீழே நின்று பார்க்கிறேன். விரிசல் பக்கத்திலிருந்து ஒரு பிடி மண் என் தோளில் உதிர்ந்தது. கத்தினால் எல்லோரும் ஓடி வருவார்கள். சாதாரணமாகக் குரல் கொடுத்தேன்.

"அண்ணா, நீங்க நிக்கற எடத்துலதான் ஒழுகுதுங்க. செருப்பப் பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். ஒரு காலைத் தூக்கினார், பிறகு மற்றதைத் தூக்கினார், அப்படியே குதிகாலில் நடந்து உள்ளே போனார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. கடைசி முட்டுக்கு ஆப்பு வைக்கும்வரை நான் அந்தக் கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் சார் வந்தார். முகம் கீரைக்கட்டு நிறம். வந்ததும் ரோஜாச் செடிகளுக்குப் பின்னால் போய்விட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வந்தார். கையில் உளி வாங்கி, திண்டை உடைத்து, இரண்டு ஓட்டைகளைச் சுற்றித் தானே கொத்திப் பார்த்தார். கம்பி முனைகள் சீராக அறுபட்டு மினுங்கின. விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார்.

மாரியப்பன் குழைந்தார். "சார், அதான் முட்டுக் குடுத்தாச்சுங்களே. அவிய இருக்கற ரெண்டு நாளைக்கு மட்டும் தெறந்து விட்டுக்கலாங்களா?"

சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார், மாட்டினார்.

"முடியாதுங்க."

மாரியப்பன் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். 'ஆனா' வரும் என்று எதிர்பார்த்தார் போல. வரவில்லை.

விளிம்பில் நிரந்தரமாகத் தூண் கொடுத்துவிட்டால் என்ன என்று பிறகு நான் சாரிடம் கேட்டேன். தூண் கொடுத்தால் இழுவை கீழ்ப்பக்கத்துக்கு மாறும், இந்தத் தளத்தில் கீழே கம்பி இல்லையே என்றார். இடித்துவிட்டு, சொந்தத் தூண்களோடு வேறு கட்ட வேண்டும், குழாய்கள் அதற்கு வெளியே இறங்க வேண்டும் என்று முடிவானது.

கல்யாணக்காரர்கள் தோட்டத்தில் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கிளம்புகிற அன்று மாப்பிள்ளையின் அம்மா என்னைத் தேடி வந்தார். கக்கூஸ் மேற்பார்வை என் வேலை என்று நினைத்திருந்தார். "ஏம்மா, ஒரு பொம்பள இருந்துமா இப்புடி நாறுது? உன்ற ஊட்டுல இப்புடித்தான் வெச்சுக்குவியா?" என்று கேட்டார். தப்புதானுங்க என்றேன். வேனில் ஏறுகிறவரை திட்டினார்.

அவர்கள் போன பிறகு இடிக்க ஆரம்பித்தோம். தளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டாக இறக்க வேண்டும் என்பது சாரின் உத்தரவு. கடைசி அறைக்கு முன்னால் இருந்த துண்டின்மேல் இன்னும் சுத்தியல் படவில்லை. முட்டில்லாமல் அது நிற்குமா என்று பார்க்க, அடியில் ஆள் போகாமல் தூரத்திலிருந்து முட்டில் கயிறு கட்டி மெதுவாக இழுத்தோம். ஆப்பு நழுவியது, முட்டு சாய்ந்தது, கூடவே பால்கனியும் கதவு திறப்பதுபோல் மடிந்து இறங்கிவிட்டது. சத்தம்கூடப் பெரிதில்லை, மூட்டை இறக்கினாற்போல ஒரு 'தொம்'. சுவரில் அறுந்த கம்பிகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. போட்டோகிராபர் நின்ற இடம் அது. பெருமாள் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. மாரியப்பன் சமையலறை வாசலில் உட்கார்ந்தவர், காப்பி கொண்டுவந்து வைத்தும் குடிக்கவில்லை.

புதுப் பால்கனிக்குக் கான்கிரீட் போட்ட சமயம் அவர் சேலம் அலுவலகத்துக்கு வந்தார். அந்த மாப்பிள்ளையின் அம்மா ஈரோடு முழுக்க அவர் ஓட்டலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். நாற்றம் பிடித்த ஓட்டல் என்றே பெயராகிவிட்டதாம். நெசத்தைச் சொல்லிவிடலாமா என்று என்னிடம் கேட்டார். என்னவென்று சொல்வீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் நாற்காலியில் சாய்ந்து அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். உதடுகூட அசைந்தது.

"வேண்டாமுங்க. நாத்தமாவே இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

அந்தப் பொண்ணும் மாப்பிள்ளையும் இந்நேரம் பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள். கல்யாணமான புதிதில் ஏற்காட்டுக்குப் போய் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கதையை அவர்களிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். சிரிக்கட்டும்.